திருப்பி அனுப்பிய மூன்று தபால்கள்

செல்வம்,

நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பார்கள். நீ நலமாக இல்லை என்பது போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலிலேயே தெரிந்துவிட்டது. "கலா பேரைச் சேர்த்தாதான் பேங்க் லோனை மாத்திக் குடுக்கும்னா எனக்கு அந்த வீடே வேணாம்மா. ஏலத்துல போகட்டும். அவளை நம்பி இன்னொரு பேப்பர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். நான் அஞ்சாவதோடு நின்றவள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பொழுது ஆகும். ஆனாலும் எழுதுகிறேன். போனை நீ பாதியில் வைத்தால் மீதி என்னிடமே நின்றுவிடும். காகிதத்தைக் கோபத்தில் கீழே போட்டாலும் பிறகு எடுத்துப் படிக்கலாம்.

இந்த மாதக் கடைசி வரைக்கும் பேங்க் நேரம் கொடுத்திருக்கிறது. அதற்குள் நீ புனேயிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டால் வீடு நம்முடையது. போடாவிட்டால் அடுத்த நோட்டீஸ் ஏல நோட்டீஸ். அதனால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேங்க் அனுப்பிய மூன்று பதிவுத் தபால்களையும் வாங்காமல் திருப்பி அனுப்பியது உன் பெண்டாட்டி கலா இல்லை. நான்தான். மூன்றையும் நானே அனுப்பினேன், தெரிந்தேதான் அனுப்பினேன்.

ஏன் என்று நீ கேட்பாய். அதற்கு உன் பெரியப்பாவிடமிருந்து தொடங்க வேண்டும். உங்கப்பாவும் அவருடைய அண்ணனும் பிறந்து வளர்ந்த பொழிச்சலூர் வீடு உனக்கு லேசாக நினைவிருக்கும். உன் தாத்தா போன பிறகு அந்த மனையில் உங்கப்பாவுக்குப் பாதி. வாயால் கேட்டுப் பார்த்தோம், நடக்கவில்லை. வக்கீல் வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம். வீடு பூட்டியிருந்தது என்று எழுதித் திரும்பி வந்தது. உன் பெரியப்பா வீடு என்றைக்குப் பூட்டியிருந்தது? காலையிலிருந்து வாசலில் நாலு பேர் உட்கார்ந்து சீட்டு ஆடுகிற வீடு அது. இரண்டாவது நோட்டீசும் அப்படியே வந்தது. கோர்ட் சம்மன் போனபோதும் ஆள் இல்லை. ஒவ்வொரு முறையும் நாங்கள் வக்கீலுக்குக் காசு கொடுத்ததும், உன் பெரியப்பா சாயங்காலம் பல்லாவரம் சந்தையில் என் எதிரிலேயே வெற்றிலை மென்றுகொண்டு போனதும் எனக்கு நேற்று நடந்தது போல இருக்கிறது. நாலு வருஷம் இழுத்தார். கடைசியில் உங்கப்பா சலித்துப்போய் அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பாதிக்குப் பாதி வர வேண்டிய இடத்தில் கால் பங்குதான் வந்தது. அந்தப் பணத்தில்தான் செம்பாக்கம் ஏரிக்கு இந்தப் பக்கம் இப்போது வீடு நிற்கும் இந்த அரை கிரவுண்டை வாங்கிப் போட்டோம். தபாலை வாங்காதவர் ஜெயித்தார், அனுப்பிய நாங்கள் தோற்றோம். அது என் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. ஒரு மனிதரை அத்தனை வருஷம் வெறுத்துக்கொண்டே அவர் செய்ததையே நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

உன் கம்பெனியில் ஷிப்ட்டைக் குறைத்து, பிறகு ஆளைக் குறைத்து, நீ புனேக்குப் போன மாதத்திலிருந்து வீட்டு லோனுக்கு டியூ கட்டவில்லை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அங்கே அறைக்கு அட்வான்ஸ், இங்கே பாப்பாவுக்குப் பள்ளிக்கூடப் பணம். ஒன்றைக் கட்டினால் இன்னொன்று நின்றது. நாலாவது மாதம் ஒரு நாள் பதினோரு மணிக்குத் தபால்காரர் வந்து கேட்டில் மணி அடித்தார்.

"பாட்டி, பேங்க்லேர்ந்து ரிஜிஸ்டர் போஸ்ட் வந்துகீது. ஒரு கையெழுத்து போடு."

"செல்வம் ஊர்ல இல்லப்பா."

"உன் பேரும்தான் போட்டுகீது. நீயே வாங்கலாம்."

"எனக்குக் கையெழுத்துப் போட வராது."

"இன்னா பாட்டி, போன மாசம் பார்சலுக்கு நீதானே போட்ட?"

"அது பார்சல்."

அவர் சிரித்துவிட்டார். "சரி, இன்னான்னு எழுதறது இதுல?"

"வீடு பூட்டியிருந்ததுன்னு எழுது."

"நீ எதிர்ல நின்னுகினு கீற, வூடு எங்க பூட்டிகீது? பொய்யெல்லாம் எழுத மாட்டேன் பாட்டி. வாங்க மறுத்தார்னு எழுதறேன்."

"எழுதிக்கோ" என்றேன். அன்று முழுக்க எனக்கு எதையோ சாதித்துவிட்ட நிம்மதி. பதினைந்து நாள் கழித்து இன்னொன்று வந்தது, அதையும் அனுப்பினேன். பிறகு ஒன்று கனமாக வந்தது, அதையும் அனுப்பினேன். நடுவில் நீ போனில், "பேங்க்லேர்ந்து ஏதாவது வந்துச்சாம்மா?" என்று கேட்டாய். "ஒண்ணும் வரலைடா, நீ நிம்மதியா வேலையைப் பாரு" என்றேன். பேங்க் பொறுத்துக்கொண்டிருக்கிறது என்று நீ நம்பினாய். நீ தைரியமாக மற்ற செலவுகளைப் பார்த்ததற்கும், நாலு மாதப் பாக்கி எட்டு மாதம் ஆனதற்கும் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் காரணம்.

அதற்குப் பிறகு பேங்கிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள். வீடு இனி பேங்க் பொறுப்பில் என்று சொல்லும் ஒரு காகிதத்தைக் கேட்டில் ஒட்டி, அதைக் கேட்டோடு சேர்த்துப் போட்டோ எடுத்தார்கள். மூன்றாம் நாள் உன் பெயரும் என் பெயரும் வீட்டு நம்பரும் பேப்பரில் வந்தன. பேங்க்காரர்கள் உன் போனுக்கும் பேசி, மூன்று தபால் திரும்பி வந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். நீ உடனே கலாவைக் கூப்பிட்டாய். அவள் அப்போதுதான் தையல் கம்பெனியிலிருந்து வந்து நிற்கிறாள். தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை. நீ கத்தியது நாலடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது. "லோனே வேணாம், வாடகைக்கே இருப்போம்னு ஆரம்பத்துல சொன்னவ நீதானே? போஸ்ட்மேன்கிட்ட சொல்லி வெச்சுத் திருப்பி அனுப்பியிருக்கே. எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க" என்றாய்.

கலா என்னைப் பார்த்தாள். அழுகை இல்லை, முறைப்பும் இல்லை. நான் சொல்வேனா என்று பார்த்தாள் என்று நினைக்கிறேன். நான் பாப்பாவுக்குத் தோசை ஊற்றப் போய்விட்டேன். "எனக்குத் தெரியாமப் போச்சுங்க" என்று அவள் உன்னிடம் சொன்னது அடுப்படியில் என் காதில் விழுந்தது. இந்த அறுபத்தேழு வயதில் மற்றவர்கள் எனக்குச் செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் நினைவில் வைத்திருக்கிறேன். நான் ஒருத்திக்குச் செய்தது என்று எழுத உட்கார்ந்தால் இதுதான் முதலில் வருகிறது.

பேப்பரில் பெயர் வந்த பிறகு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். பாதி விலைக்கு வீட்டைக் கேட்டு ஒருவர். அடுத்த நாள் வெள்ளைச் சட்டை போட்ட இன்னொருவர். இருபதாயிரம் கொடுத்தால் பேங்கில் பேசி லோனை மாற்றி வாங்கித் தருகிறேன் என்றார். முன்பணத்துக்கு என் செயினை அடகு வைப்பது என்று நான் முடிவே செய்துவிட்டேன். அவர் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டுக்கு வெளியே ஒரு பெண் குரல்.

"சித்தி, வீடு திறந்திருக்கா, இல்ல பூட்டியிருக்கா?"

உன் பெரியப்பா மகள் அமுதா. கையில் அந்தப் பேப்பரோடு நின்றாள். அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். உங்கப்பா இறந்த அன்று பல்லாவரம் வாடகை வீட்டுக்கு மாலையோடு வந்தவளைப் பார்த்து, அத்தனை பேர் நடுவில் நான் கேட்டேன்: "உங்க வீடு எப்பவும் பூட்டித்தானே இருக்கும், இன்னைக்கு எப்படித் திறந்துச்சு?" மாலையைப் பக்கத்தில் இருந்தவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனவள் பதினோரு வருஷம் கழித்து வந்து நிற்கிறாள். அவள் அப்பா செத்ததற்கு நான் போகவில்லை. "வா" என்று மட்டும் சொன்னேன்.

அமுதா ஒரு பேங்கில் லோன் பிரிவில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவள். நம் பேங்க் இல்லை, வேறு பேங்க். உட்கார்ந்ததும் அந்த வெள்ளைச் சட்டைக்காரரிடம், "சார், எந்த பிராஞ்ச் இவங்களுது?" என்று கேட்டாள்.

"தாம்பரம்தான் மேடம்."

"மேனேஜர் பேரு?"

"அது... நமக்கு மேல ஏரியா ஆபீஸ்லதான் பழக்கம்."

"அப்ப இருபதாயிரத்தை ஏரியா ஆபீஸ்லயே குடுத்துக்கறோம். ரசீது குடுப்பாங்கல்ல?"

அவர் மீதிக் காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அமுதா என் பக்கம் திரும்பி, பேங்க் அனுப்பிய பழைய நோட்டீசையெல்லாம் எடுத்துவரச் சொன்னாள். எதை எடுத்து வருவது? அவளிடம்தான் முதலில் உண்மையைச் சொன்னேன். "எங்கப்பாகிட்ட கத்துகிட்டீங்களா சித்தி?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. "எங்கப்பா ஜெயிக்கல சித்தி. தம்பி முகத்தைப் பார்க்காமயே செத்தாரு. அதை விடுங்க. பேங்க் தபால் அந்த மாதிரி இல்ல. திருப்பி அனுப்பினாலும் குடுத்ததாத்தான் அர்த்தம். நோட்டீஸ் போன நாள்லேர்ந்து அறுபது நாள் கெடு ஓட ஆரம்பிச்சுடும். வாங்கியிருந்தா அதுக்குள்ள உட்கார்ந்து பதில் எழுதியிருக்கலாம். இப்பவும் ஏலத் தேதி போடல. நாளைக்கு நேரா மேனேஜரைப் போய்ப் பார்ப்போம்" என்றாள்.

மறுநாள் கலா அரை நாள் லீவு போட்டாள். மூன்று பேரும் போனோம். உன் வயதைவிடக் குறைந்த வயது மேனேஜருக்கு. பைலைத் திறந்ததும் என் மூன்று கவர்களும் பிரிக்காமல் அப்படியே இருந்தன. மேலே தபால்காரர் கையெழுத்தில் 'வாங்க மறுத்தார்'. மேனேஜர் முதல் கவரைப் பிரித்துப் படித்துவிட்டு, "இது நோட்டீஸ் இல்லம்மா. டியூ நின்னுபோச்சு, உங்க கஷ்டம் என்னன்னு நேர்ல வந்து சொல்லுங்க, தவணையை மாத்திப் பார்க்கலாம்னு நாங்கதான் கூப்பிட்டு எழுதியிருக்கோம்" என்றார். எதிரியின் தபால் என்று நான் திருப்பி அனுப்பியது நம்மைக் கூப்பிட்ட கடிதத்தை. இரண்டாவது ஞாபகப்படுத்தியது. மூன்றாவதுதான் நோட்டீஸ்.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்பதை அமுதா முதல் நாளே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அழக் கூடாது, மாதம் எவ்வளவு முடியும் என்று சொல்ல வேண்டும், அதற்குக் காகிதம் காட்ட வேண்டும். வேலை போனதற்கு உன் பழைய கம்பெனிக் கடிதம், புனேச் சம்பளச் சீட்டு, மாடியில் குடியிருப்பவர்களின் வாடகைப் பத்திரம் மூன்றையும் ஒரு விண்ணப்பத்தோடு கொடுத்து, கையோடு சீல் போட்ட நகலையும் வாங்கினோம். மூன்று முறை நடந்தோம். கடைசியில் மேலிடத்திலிருந்து ஒத்துக்கொண்டார்கள். நின்றுபோன எட்டு மாதத்தையும் அசலோடு சேர்த்து, மீதிக் காலத்தைப் பதினெட்டு வருஷமாக நீட்டுகிறார்கள். வட்டி ஏறி ஏறிப் பன்னிரண்டாயிரம் தாண்டியிருந்த டியூ ஒன்பதாயிரத்து ஐந்நூறு ஆகிறது. இதில் லாபம் ஒன்றும் இல்லை என்பதையும் அமுதா மறைக்கவில்லை. "மொத்தமாப் பார்த்தா வட்டி அதிகமாத்தான் போகும் சித்தி. ஆனா வீடு நிக்கும். கையில பணம் வர்றப்ப முன்னாடியே அடைச்சுக்கலாம்" என்றாள்.

அங்கேதான் நான் இடிக்கிறேன். லோனில் உன்னோடு கையெழுத்துப் போட்டவள் நான். மேனேஜர் என் வயதைப் பார்த்துவிட்டு, "செல்வம் சாருக்கு அறுபதுல லோன் முடியும், சரி. பாட்டிம்மாவுக்கு அப்ப எண்பத்தஞ்சு. ஒத்துக்க மாட்டாங்க. சம்பளம் வாங்கற இன்னொருத்தர் வேணும்" என்றார். கலா பையிலிருந்து தன் சம்பளச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவளுக்கு அது முன்னாலேயே தெரிந்திருக்கிறது. அமுதாவிடம் கேட்டு வைத்திருக்கிறாள். யாரை வீட்டைத் தொலைக்கப் பார்த்தவள் என்று நீ சொன்னாயோ, அவளுடைய ஏழாயிரம் ரூபாய்ச் சம்பளத்தை நம்பித்தான் பேங்க் ஒத்துக்கொண்டது. அவள் வேண்டாம் என்று நீ சொன்னால் பேங்கும் வேண்டாம் என்றுதான் சொல்லும்.

இன்னொன்றும் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது, "வாங்க மறுத்தார்னு எழுதியிருந்ததைப் பார்த்தியே, ஒண்ணும் கேட்கலையே" என்றேன். கலா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டாவது தபால் வந்த அன்னைக்கே போஸ்ட்மேன் பஸ் ஸ்டாப்புல சொல்லிட்டாரு அத்தை. சனிக்கிழமை போஸ்ட் ஆபீசுக்குப் போனேன், அதுக்குள்ள திரும்பிப் போயிடுச்சு. பேங்குக்குப் போனா, லோன்ல பேர் இல்லாதவங்ககிட்ட பேச முடியாதுன்னாங்க. உங்களைக் கேட்டேன், எதுவும் வரலைன்னீங்க."

"செல்வம்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? அவன் திட்டினப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா அவர் உங்களைத் திட்டியிருப்பாரு. நான்தான் சொன்னேன்னு நீங்க அதை இருபது வருஷம் மனசுல வெச்சிருப்பீங்க. அவர் கோபம் நாலு நாள்ல போயிடும்னு நினைச்சேன்."

அமுதா முன் சீட்டிலிருந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கலா சொன்னது சரிதான். உன் கல்யாணத்தில் நம் பக்கத்து ஆட்களை இரண்டாவது பந்தியில் உட்கார வைத்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அந்தப் பந்தியில் வடை தீர்ந்துபோனதையும் மறக்கவில்லை. கலாவின் அம்மாவை எப்போது பார்த்தாலும் அது ஞாபகத்துக்கு வரும், இனியும் வரும். ஆனால் உன் கோபம் நாலு நாளில் போகவில்லை, செல்வம். இரண்டு மாதமாகிவிட்டது. போன் செய்தால் பாப்பாவோடு பேசுகிறாய், என்னோடு பேசுகிறாய், அவளுக்குக் கொடுக்காமல் வைத்துவிடுகிறாய். மனதில் வைத்துக்கொள்ளும் இந்தக் குணம் உனக்கு உங்கப்பாவிடமிருந்து வரவில்லை. அவர் சாகும்போதும், "அண்ணன் வந்தாரா?" என்றுதான் கேட்டார். இது என்னிடமிருந்து வந்தது. எனக்கு வயதாகிவிட்டது, என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும். நீ இதைத் தூக்கிச் சுமக்காதே. ஆள் மாற்றி வேறு சுமக்கிறாய்.

உனக்கு அறிவுரை சொல்லும் யோக்கியதை இந்த விஷயத்தில் எனக்கு இல்லை. ஆனாலும் பட்டவள் சொல்கிறேன். யார் கவர் அனுப்பினாலும் பிரித்துப் பார். கடன் கொடுத்தவன் கூப்பிட்டால் ஓடாமல் போய் எதிரில் உட்கார். முடிந்ததை முடியும் என்று சொல், முடியாததை முடியாது என்று சொல். நடுவில் வந்து பழக்கம் இருக்கிறது என்பவனுக்குக் காபியோடு நிறுத்திக்கொள். வீட்டில் ஒருத்தி பேசாமல் இருந்தால் குற்றம் செய்தவள் என்று முடிவு கட்டாதே. இதையெல்லாம் நீ என்னைத் திட்டிவிட்டுச் செய்தாலும் சரி, திட்டாமல் செய்தாலும் சரி. இந்த முறை திட்டினால் மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன். முயற்சி செய்கிறேன் என்றாவது எழுதிக்கொள்.

இதை ஒட்டுவதற்கு முன்னால் அமுதாவுக்கும் கலாவுக்கும் படிக்கக் கொடுத்தேன். என்னைப் பற்றி நீயும் அவர்களும் தனித்தனியாக ஒன்று தெரிந்து வைத்திருக்க வேண்டாம். அமுதா தன் அப்பாவைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "வெற்றிலை இல்ல சித்தி, பன்னீர்ப் புகையிலை" என்றாள். கலா அந்தப் பந்தி விஷயத்தை மட்டும் அடித்துவிடச் சொன்னாள். அடிக்கவில்லை.

நாளைக்குக் காலையில் செம்பாக்கம் தபால் ஆபீசில் நானே கொடுக்கப் போகிறேன். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டை வைத்து. அந்த அட்டையில் அனுப்புபவர் பெயராகக் கலாவின் பெயரை எழுதியிருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டு வாங்கினால் அட்டை அவள் கைக்கு வரும். வாங்காவிட்டால் கவரே திரும்பி வரும், மேலே என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இனி தினமும் பதினோரு மணிக்கு நான் கேட்டில்தான் நிற்பேன். இந்த முறை தபால்காரர் எதைக் கொண்டு வந்தாலும் வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
அம்மா